சாஃப்ட் என்றால் எத்தனை மில்லிமீட்டர்? ஜிஎன்டி ஃபில்டர் விற்பவர்களுக்கு ஒரு கேள்வி

போன மார்கழியில் கன்னியாகுமரி. காலை ஆறு மணி. ஈரப் பாறைமேல் ட்ரைபாடை ஊன்றி நிற்கிறேன். கிழக்கே வானம் செம்பு நிறத்துக்கு வந்துவிட்டது, காலடியில் பாறை இன்னும் இருட்டு. அளந்து பார்த்தேன். எஃப் 11-இல் பாறைக்கு 1 விநாடி, வானத்துக்கு 1/15. நான்கு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). இதற்காகத்தானே சென்னையிலிருந்து 700 கிலோமீட்டர் அந்தக் கண்ணாடியைத் துணியில் சுற்றித் தூக்கி வந்தேன்! ஜிஎன்டி (கிராஜுவேட்டட் நியூட்ரல் டென்சிட்டி) ஃபில்டர், 0.9, சாஃப்ட், 100-க்கு 150 மி.மீ., விலை 12,000 ரூபாய். மேல் பாதி கறுப்பு, கீழ் பாதி தெளிவு, நடுவில் கறுப்பு மெல்ல மெல்லக் கரையும், அதுதான் சாஃப்ட். வானத்தை மூன்று ஸ்டாப் இறக்கும், பாறையைத் தொடாது. அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள்.

மாட்டினேன், எடுத்தேன். வானம் வெளுத்தே கிடந்தது. ஃபில்டரை இன்னும் கீழே இறக்கினேன். வானம் கொஞ்சம் அடங்கியது, கூடவே பாறையும் கடலும் இருண்டு போயின. திரும்ப மேலே ஏற்றினேன், திரும்ப இறக்கினேன். ஆறரைக்குச் சூரியன் கடலை விட்டு எழுந்துவிட்டது. ஒரு படம்கூட உருப்படியாக வரவில்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை.

பக்கத்துப் பாறையில் நாகர்கோவில்காரர் ஒருவர், அறுபது வயதிருக்கும், கேமராவோடு நின்றிருந்தார். "இதுக்கு எவ்வளவு குடுத்த மக்களே?" என்று கேட்டார். சொன்னேன். அடுத்து, "என்ன லென்ஸு?" என்றார். அந்தக் கேள்வியை என்னிடம் முதன்முதலாகக் கேட்டவர் அவர்தான். விற்ற கடைக்காரர் கேட்கவில்லை. வீடியோவில் இந்த ஃபில்டரைப் பரிந்துரைத்தவர்களும் பார்க்கிறவன் என்ன லென்ஸ் வைத்திருப்பான் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. கடையில் எனக்குக் கிடைத்த ஒரே விளக்கம், "எல்லாரும் இதைத்தான் சார் எடுத்துட்டுப் போறாங்க." அந்தப் பெரியவர் கையில் ஃபில்டரே இல்லை. ஒரு கறுப்பு அட்டை வைத்திருந்தார். 2 விநாடி எக்ஸ்போஷர் ஓடும்போது பெரும்பகுதி நேரம் லென்ஸ் முன்னால் வானப் பகுதியை மட்டும் அட்டையால் மறைத்து, கையை நிறுத்தாமல் லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் திரையில் வானமும் இருந்தது, பாறையும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக லேப்டாப்பில் வெள்ளைத் திரையைப் போட்டு, ஃபில்டரை அதன் முன் நிறுத்தி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தேன். முழுக் கறுப்பு கரைந்து முழுத் தெளிவாக அந்தக் கண்ணாடிக்கு 40 மி.மீ. தேவைப்படுகிறது. அப்புறம் லென்ஸ் முன்னால் ஓர் அட்டையை மேலிருந்து கீழே நகர்த்தி, படத்தின் மேல் விளிம்பில் எப்போது தெரிகிறது, கீழ் விளிம்பை எப்போது தொடுகிறது என்று குறித்தேன். என்னுடையது கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமரா, அதோடு சேர்ந்து வந்த 18–55 கிட் லென்ஸ். 18-இல் அது ஃபில்டரில் பார்ப்பது ஏறக்குறைய 25 மி.மீ. உயரம். 55-க்குப் போனால் 15-தான்.

இப்போது கணக்குப் போடுங்கள். 40 மி.மீ.க்குள் மூன்று ஸ்டாப் கரைகிறது என்றால், 25 மி.மீ.க்குள் படத்தின் உச்சிக்கும் அடிக்கும் இடையே இரண்டு ஸ்டாப்கூட முழுசாகக் கிடைக்காது. 15 மி.மீ.க்குள் ஒன்றுக்குச் சற்று மேல்தான். அதிலும் எந்த இடத்தில் வெளிச்சம் அதிகம்? அடிவானத்தை ஒட்டி. அங்கேதான் சாஃப்ட் ஃபில்டர் பாதி கரைந்து வலுவிழந்து நிற்கிறது. நான் பாறைமேல் எத்தனை முறை ஏற்றி இறக்கியிருந்தாலும் அந்தக் கண்ணாடியும் அந்த லென்ஸும் சேர்ந்து எனக்கு மூன்று ஸ்டாப்பைத் தந்திருக்கவே முடியாது. இதே கண்ணாடி, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 16 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவருக்கு அருமையாக வேலை செய்யும். அவர் லென்ஸ் ஃபில்டரில் பார்க்கும் பரப்பு மிகப் பெரிது. பரிந்துரைக்கிற வீடியோக்களில் முக்கால்வாசிப் பேர் கையில் அந்த மாதிரி கேமராதான் இருக்கிறது. கிட் லென்ஸ் வைத்திருக்கும் நாம் அதைப் பார்த்துவிட்டுப் போய் வாங்குகிறோம்.

சரி, இதைப் பெட்டியிலாவது எழுதலாமே? பெட்டியில் இருப்பது 0.9. இன்னொரு பெட்டியில் என்டி 8. மற்றொன்றில் 3 ஸ்டாப். மூன்றும் ஒன்றுதான்! எட்டில் ஒரு பங்கு வெளிச்சத்தை உள்ளே விடும் ஒரே கறுப்புக்கு மூன்று பெயர். 0.3 என்றால் ஒரு ஸ்டாப், 0.6 என்றால் இரண்டு, 1.2 என்றால் நான்கு. என்டி 2, 4, 8, 16 என்று போனால் அது வெளிச்சம் எத்தனை மடங்கு குறைகிறது என்ற கணக்கு. நான் முதன்முதலில் வாங்கியது என்டி 4. நான்கு ஸ்டாப் என்று நினைத்துத்தான் வாங்கினேன். கிடைத்தது இரண்டு. முழுக்கக் கறுப்பான என்டி ஃபில்டர் பக்கம் போனால் 3.0 என்று ஒன்று இருக்கிறது. அது பத்து ஸ்டாப், ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம்! மூன்று ஸ்டாப் தேடிப் போகிற ஒரு புது ஆள் அதைக் கூடையில் போட்டால் அவர்மேல் என்ன தப்பு? ஸ்லைடு ஃபிலிம் காலத்தில் அமெரிக்க இயற்கைப் படக்காரர் கேலன் ரோவெல் சிங்-ரே என்ற ஃபில்டர் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஃபில்டர்கள் இத்தனை ஸ்டாப், ஹார்டா (கறுப்பு சட்டென்று ஒரு கோட்டில் முடிவது) சாஃப்டா என்று நேரடியாகச் சொல்லித்தான் விற்கப்பட்டன. அப்போதே முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை?

எவ்வளவு கறுப்பு என்று சொல்ல இவர்களிடம் மூன்று கணக்கு இருக்கிறது. அந்தக் கறுப்பு எத்தனை மி.மீ.க்குள் கரைகிறது என்று சொல்ல நான் வாங்கிய பெட்டி எதிலும் ஒரு எண் இல்லை. படத்தைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் அந்த எண்தான்! ஒரு கம்பெனியின் சாஃப்டும் இன்னொரு கம்பெனியின் சாஃப்டும் ஒன்றில்லை. நண்பரிடம் வாங்கி அளந்த ஒரு சாஃப்ட் 22 மி.மீ.க்குள் கரைந்தது, என்னுடையதில் பாதி. இரண்டு பெட்டியிலும் ஒரே வார்த்தை. சிலர் மீடியம் என்று ஒன்று விற்கிறார்கள், அது எதற்கு மீடியம் என்று யாருக்கும் தெரியாது.

அப்போ ஹார்ட் வாங்கிவிட்டால் போதுமா? நீங்கள் போகும் ஊரைப் பொறுத்தது. தனுஷ்கோடியில் கடல் மட்டும் தெரிகிற பக்கம் திரும்பி நின்றால் ஹார்டைப்போல ஒன்று கிடையாது, ஸ்கேல் வைத்து வரைந்த அடிவானம். அதே தனுஷ்கோடியில் 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் பக்கம் திரும்புங்கள், கோட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சுவர் முழுக்கக் கரி பூசியதுபோல ஆகிவிடும். பெசன்ட் நகர் கடற்கரையில் ஷ்மிட் நினைவு மண்டபத்தின் மேல் பாதிக்கும் அதே கதி. கன்னியாகுமரியில் பீடத்தோடு சேர்த்து 133 அடி உயரம் நிற்கும் வள்ளுவர், ஹார்ட் ஃபில்டருக்குப் பின்னால் காலுக்கு மேலே இருண்டு போவார். கொழுக்குமலைக்கு விடியுமுன் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு ஏறிப்போய் நின்றால் நேர்கோடே கிடையாது, இடமும் வலமும் மலை முகடு. அங்கே சாஃப்ட் வேண்டும், அல்லது ஃபில்டரைப் பைக்குள் வைத்துவிட்டு வேறு வேறு எக்ஸ்போஷரில் மூன்று படம் எடுத்து இணைப்பது எவ்வளவோ மேல். ஆக, "எங்கே போய் எடுக்கப் போறீங்க?" என்ற ஒரு கேள்வியில் பாதிப் பிரச்சினை தீரும். கேட்க அரை நிமிடம்கூட ஆகாது.

ரிவர்ஸ் ஃபில்டரையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அடிவானத்தில் கடும் கறுப்பு, மேலே போகப் போக மெலிவு. கடலில் சூரியன் விளிம்பு தட்டும் அந்தச் சில நிமிடங்களுக்கு அற்புதமான பொருள். சூரியன் நாலு விரல் மேலே வந்துவிட்டால் அதற்கு வேலை இல்லை. முதல் ஃபில்டராக யாரும் வாங்க வேண்டாம்.

லென்ஸில் திருகி மாட்டுகிற வட்ட ஜிஎன்டியை விற்பவர்களை என்ன சொல்வது? கோடு நட்ட நடுவில். மேலே கீழே நகர்த்த வழியில்லை. வாழ்நாள் முழுக்க அடிவானத்தைப் படத்தின் நடுவில் வைத்தே எடுக்கச் சொல்கிறார்களா?

எனக்கு நெஞ்சு எரிவது அந்த மலிவு செட்டுகளைப் பார்க்கும்போதுதான். ஹோல்டர், எட்டு வளையம், பத்து ஃபில்டர், எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். கல்லூரிப் பிள்ளைகள் சேர்த்து வைத்த காசில் வாங்குவது அதைத்தான். பிளாஸ்டிக் தகடு. துணி வைத்துத் துடைத்தாலே கீறல் விழும், கடல் சாரலைத் துடைக்காமல் இருக்கவும் முடியாது. அதைக்கூடப் பொறுக்கலாம். நிறம்? என்டி என்பதில் இருக்கும் 'நியூட்ரல்' என்ற சொல்லுக்கே நிறம் மாற்றாதது என்றுதான் பொருள். இவற்றில் வானம் கத்தரிப்பூ நிறத்துக்குப் போகிறது. முழுக்கக் கறுப்பான ஃபில்டர் நிறம் மாற்றினால் ஒயிட் பேலன்ஸை நகர்த்திச் சரிசெய்துவிடலாம். ஜிஎன்டியில் மேல் பாதி மட்டும்தானே மாறுகிறது! வானத்தைத் திருத்தினால் மணல் பச்சையடிக்கும், மணலை விட்டால் வானம் கத்தரிப்பூ. அந்தப் பிள்ளை தனக்கு எடிட்டிங் தெரியவில்லை என்று நினைத்து ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கும்.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒருவர் வருவார்: "எதுக்கு ஃபில்டர்? ரா (RAW) ஃபைலா எடுத்து சாஃப்ட்வேரில் கிரேடியன்ட் போட்டுக்கலாமே." நல்ல புது சென்சார் குறைந்த ஐஎஸ்ஓவில் 14 ஸ்டாப் வரை தாங்குகிறது, ஒப்புக்கொள்கிறேன். எல்லார் கையிலும் அந்த சென்சார் இல்லை. வெளுத்துப்போன வானத்தில் எந்த சாஃப்ட்வேருக்கும் இழுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. வானத்துக்காக எக்ஸ்போஷரைக் குறைத்துவிட்டு என் பழைய கேமராவில் பாறையைத் தூக்கினால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கொட்டுகிறது. மூன்று படம் எடுத்து இணைக்கலாம் என்றால், மூன்றிலும் அலை வேறு வேறு இடத்தில் நிற்கிறது. கடற்கரையில் ஒரே ஷாட்டில் எடுத்து முடிக்க நினைப்பவருக்கு இந்தக் கண்ணாடி இன்னும் தேவைதான். தேவை என்பதால்தான் இவ்வளவு கத்துகிறேன்.

இப்போது என் ஃபில்டர் உறை ஒவ்வொன்றிலும் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்: "3 ஸ்டாப், 40 மி.மீ.", "2 ஸ்டாப், 6 மி.மீ.". போன வாரம் ஒரு கடைக்கு போன் போட்டேன். கையிருப்பில் உள்ள 0.9 சாஃப்ட் எத்தனை மி.மீ.க்குள் கரைகிறது என்று கேட்டேன். "100-க்கு 150 சார்" என்றார். அது கண்ணாடியின் அளவு, நான் கேட்பது கறுப்பு கரையும் அகலம், ஸ்கேல் வைத்துப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றேன்.

"சாஃப்ட்னா சாஃப்ட்தான் சார்" என்றார். மறுபடியும் கேட்டேன். போனை வைத்துவிட்டார்.