குறைபாடு எழுதும் கைக்கு யார் காவல்?

ஒரு விமான நிறுவனத்தைப் பற்றிய அரசு ஆய்வறிக்கையில் குறைபாடு எதுவுமே இல்லை என்று எழுதியிருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பணிக்காலத்தின் பெரும்பகுதியை டெல்லியில் விமானத் தகுதி ஆய்வாளராகக் கழித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

2025 ஜூலை இறுதியில், விமான நிறுவனங்களில் நடந்த தணிக்கைகளில் 263 குறைபாடுகள் கண்டுபிடிக்கப்பட்டதாக, நாட்டின் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ அறிவித்தது. அகமதாபாத் விபத்து நடந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். மயூர் விஹாரில் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு ஒரே பதற்றம். இனிமேல் ஊருக்கு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்தான் என்று பலர் எழுதினார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. 260 உயிர்கள் போன விபத்து அது. அதன் காரணத்தைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை, அது விசாரணை அமைப்பின் வேலை. ஆனால் அந்த 263 என்ற எண்ணைப் பார்த்து, யாரோ ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதைக் குழுவில் எழுதினேன். யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. விரிவாகவே சொல்லிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில், ஒவ்வொரு விமானமும் கிளம்புவதற்கு முன் அரசு ஆய்வாளர் வந்து பார்க்கிறார் என்று பலரும் நம்புகிறார்கள். டெல்லியில் மட்டும் ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ஏறி இறங்குகின்றன. அத்தனையையும் பார்க்க எந்த அரசாலும் முடியாது. விமானத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் அந்த நிறுவனத்தின் உரிமம் பெற்ற பொறியாளர். அந்தக் கையெழுத்து உண்மையானதா என்று பார்ப்பதுதான் ஆய்வாளரின் வேலை.

அதை எப்படிப் பார்ப்பது? பெரும்பாலும் நள்ளிரவில். ஜனவரி மூடுபனியில் டார்ச் விளக்கோடு சக்கரங்களுக்கு அடியில் குனிந்து டயர் தேய்மானத்தைப் பார்ப்போம், எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்ப்போம், ஹேங்கரில், திருகுகளைச் சரியான அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் கருவியின் அளவீட்டுத் தேதி காலாவதியாகிவிட்டதா என்று கேட்போம். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. உண்மையான ஆபத்து பெரும்பாலும், விமானத்தின் பழுதுகளை எழுதிவைக்கும் டெக் லாக் என்ற பதிவேட்டில் இருக்கிறது.

ஒரு கருவி பழுதானால் உடனே விமானத்தை நிறுத்திவிட வேண்டும் என்பதில்லை. அந்தக் கருவி இல்லாமலும் பாதுகாப்பாகப் பறக்கலாம் என்றால், எம்இஎல் என்ற பட்டியலின்படி பழுதைச் சரிசெய்யத் தவணை உண்டு. பி வகைக்கு 3 நாள், சி வகைக்கு 10 நாள், டி வகைக்கு 120 நாள். நல்ல ஏற்பாடு, உலகம் முழுவதும் இதுதான். இப்போது ஒரு சி வகைப் பழுதை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது நாள் ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிக் கணக்கை முடிக்கிறார்கள். பன்னிரண்டாவது நாள் அதே பழுது புதிய பழுதாகப் பதிவாகிறது. மறுபடி பத்து நாள். எந்த ஒரு பக்கத்தை எடுத்துப் பார்த்தாலும் விதி மீறப்படவில்லை. இரண்டு மாதப் பக்கங்களைச் சேர்த்து வைத்துப் படித்தால்தான் அந்தக் கருவி ஒருநாளும் சரியாகவே இல்லை என்பது தெரியும். 2025 ஜூனில் டெல்லி, மும்பை விமான நிலையங்களில் நடந்த சிறப்பு ஆய்விலும் இதே போலத் திரும்பத் திரும்ப வரும் பழுதுகள்தான் வெளியே வந்தன. தேய்ந்த டயரால் ஓர் உள்நாட்டு விமானம் அப்போது நிறுத்தப்பட்டது.

சேர்த்து வைத்துப் படிக்க நேரம் வேண்டும், நேரத்துக்கு ஆள் வேண்டும். டிஜிசிஏவில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி காலியாகக் கிடப்பதை 2025இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே கண்டித்தது. ஆள் எடுக்கும் நடைமுறை மெதுவாக இருப்பதையும் சுட்டிக்காட்டியது. இருவர் வேலையை ஒருவர் செய்தால் அவர் ஒற்றைப் பக்கங்களைத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஒரு விடியற்காலை நினைவுக்கு வருகிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்து இளம் பொறியாளர் ஒருவர், நான் தமிழன் என்று தெரிந்ததும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சார், இதை நீங்கள் கட்டாயம் எழுதிவிடுங்கள். மூன்று முறை உதிரிபாகம் கேட்டுவிட்டேன். நீங்கள் எழுதினால்தான் வரும்.” எழுதினேன். விமானம் நின்றது. அன்றைக்குப் பயணிகளிடம் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்தப் பையன் கேட்டதில்தான் இந்த வேலையின் பொருளே இருக்கிறது. நிறுவனத்துக்கு உள்ளே இருக்கும் நேர்மையான பொறியாளருக்கு வெளியே ஒரு துணை வேண்டும். அரசு ஆய்வாளர் எழுதும் குறைபாடு அவருக்கு அந்தத் துணை. அதை எழுதவிடாமல் ஆய்வாளரை நெருக்கினால், உள்ளே இருக்கும் இவரும் வாயை மூடிக்கொள்வார்.

நெருக்குவது எப்படி நடக்கிறது? யாரும் மிரட்டுவதில்லை. “கொஞ்சம் அனுசரித்துப் போங்களேன்” என்று தொலைபேசி வரும். அவ்வளவுதான்.

2025 டிசம்பரில் நாடே பார்த்தது இந்த அனுசரிப்பின் பெரிய வடிவம். விமானிகளின் களைப்பைக் குறைக்கப் புதிய விதிகள் வந்தன. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவுத் தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தன. களைப்பு என்றால் ஏதோ சோம்பல் என்று நினைக்காதீர்கள். 2010இல் 158 பேர் இறந்த மங்களூரு விபத்தில், பயணத்தின் பெரும்பகுதியில் தலைமை விமானி தூங்கியிருந்ததை விசாரணை பதிவு செய்தது. புதிய விதிகள் 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டு, ஒத்திவைக்கப்பட்டு, நீதிமன்றம் வரை போய், 2025 நவம்பர் 1இல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. தயாராக ஏறக்குறைய இரண்டு ஆண்டு அவகாசம். அப்படியும் நாட்டின் மிகப் பெரிய நிறுவனமான இண்டிகோ தயாராகவில்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. உடனே என்ன நடந்தது? இரவுப் பணி விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கிடைத்தது. இண்டிகோவைக் கண்காணித்துவந்த டிஜிசிஏ ஆய்வாளர்கள் நான்கு பேர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள்.

அந்த நால்வர் கடமை தவறினார்களா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அந்த வாரம் நாட்டில் மற்ற ஆய்வாளர்கள் என்ன பாடம் படித்திருப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தயாராகாத நிறுவனத்துக்கு விலக்கு, ஆய்வாளருக்கு வெளியே வழி. இது என்னை உண்மையிலேயே கோபப்படுத்துகிறது.

விமானிகளாக இருந்து விமான இயக்க ஆய்வாளர் பணிக்கு வருகிறவர்களில் பலர் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். நேற்று வேலை பார்த்தது ஒரு விமான நிறுவனத்தில், நாளை திரும்பிப் போவதும் அநேகமாக அப்படி ஒன்றுக்குத்தான். இடையில் சில ஆண்டுகள் அரசின் பேனா. அவர்களில் அப்பழுக்கற்றவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொருவரின் நேர்மையையும் நம்பி ஒரு நாட்டின் விமானப் பாதுகாப்பை விட்டுவைக்கலாமா? 2014 ஜனவரியில் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ, பாதுகாப்புக் கண்காணிப்பு போதாது என்று இந்தியாவை இரண்டாம் வகைக்குத் தாழ்த்தியபோதும், முழுநேர விமான இயக்க ஆய்வாளர்கள் போதாமை ஒரு முக்கியக் குறையாகப் பேசப்பட்டது. 2015 ஏப்ரலில் தகுதி திரும்பக் கிடைத்ததும் எல்லோரும் நிம்மதியாக மறந்துவிட்டார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. காலியிடங்களை நிரப்புங்கள். விமான இயக்க ஆய்வாளர்களுக்கு ஒப்பந்தத்துக்குப் பதில் நிரந்தரப் பணியும், விமானிகளின் சந்தைச் சம்பளத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஊதியமும் கொடுங்கள். பணி முடிந்து குறிப்பிட்ட காலத்துக்கு, தான் கண்காணித்த நிறுவனத்தில் சேரக் கூடாது என்று விதி செய்யுங்கள். ஓர் ஆய்வாளரை விடுவித்தால் எந்தக் கடமையில் எந்த நாளில் தவறினார் என்று எழுத்தில் வெளியிடுங்கள். ஒரு நிறுவனத்துக்கு விலக்கு கொடுத்தால், கொடுத்தவர் பெயரோடு காரணத்தையும் அதே நாளில் வெளியிடுங்கள்.

அப்புறம் பயணிகளிடம் ஒன்று. தொழில்நுட்பக் காரணத்தால் தாமதம் என்று அறிவித்தால், கவுன்ட்டரில் நிற்கும் அந்தப் பெண்ணிடம் கத்தாதீர்கள். எவ்வளவு நேரம் ஆகும், சாப்பாடு உண்டா என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. “எப்படியாவது கிளப்புங்கள்” என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் கத்துவதைக் காட்டித்தான், அந்த நேரத்தில் விமானத்துக்கு அடியில் நிற்கும் பொறியாளரிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள்.