விந்து பரிசோதனைக்குப் போகிறவர் தண்ணீரையும் பரிசோதிக்கட்டும்

விந்தணு எண்ணிக்கை குறைவு என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் சிகரெட், குடி, மடியில் வைக்கும் லேப்டாப் எல்லாம் விசாரணைக்கு வரும். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வருஷக்கணக்கில் குடிப்பவரிடம் அதைக் கேட்காமல் விடுவது பெரிய தவறு.

அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமம் கலந்திருக்கலாம். அதற்கு நிறமோ வாசனையோ சுவையோ கிடையாது. குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்தால்தான் தெரியும்.

உடலுக்குள் போன ஆர்சனிக், கந்தகம் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். விந்தணுவின் தலையில் டிஎன்ஏவை இறுக்கிச் சுருட்டி வைக்கிற புரோட்டமினில் கந்தகம் நிறைய உண்டு. செல்லைக் காக்கிற குளுட்டாத்தயோனும் தீர்ந்துபோகிறது. எலிகளில் டெஸ்டோஸ்டிரோனைத் தயாரிக்கும் நொதிகள் மந்தமாகி, விந்தணுவின் எண்ணிக்கையும் நீந்தும் திறனும் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனிதர்களில் ஆதாரம் அந்த அளவுக்கு உறுதியானதல்ல. ஆகவே ஒரே ஒரு டெஸ்டைக் காட்டி "இதுதான் காரணம்" என்று அடித்துச் சொல்பவரையும் நம்பாதீர்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஆர்சனிக் போகாது. நீர் ஆவியாக, மிச்சத்தில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். புற ஊதா விளக்கு கிருமியைக் கொல்லும், இதைத் தொடாது. ஆர்.ஓ.விலும் ஒரு சிக்கல் உண்டு: நிலத்தடியில் அடிக்கடி இருக்கும் 'மூன்று இணைதிறன்' என்ற வகை ஆர்சனிக்குக்கு மின்னூட்டம் இல்லாததால் சவ்வு அதைச் சரியாகத் தடுக்காது. முதலில் குளோரின் போன்ற ஒன்றால் அதை மின்னூட்டமுள்ள 'ஐந்து இணைதிறன்' வகையாக மாற்ற வேண்டும். வடிகட்டி பொருத்திய பிறகு வெளிவரும் தண்ணீரையும் பரிசோதியுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

உடலில் ஆர்சனிக் இருக்கிறதா என்று பார்க்கும் சிறுநீர்ப் பரிசோதனை, கடைசிச் சில நாட்களில் உள்ளே போனதைத்தான் காட்டும். அதற்கு முன் நான்கைந்து நாள் மீன், இறால், நண்டு வேண்டாம். அவற்றில் உள்ள தீங்கற்ற ஆர்சனிக்கும் சேர்ந்து எண்ணைப் பெரிதாக்கிவிடும். முடிந்தால் ஆர்சனிக்கை வகை பிரித்து அளக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரை மாற்றிய மறுவாரமே விந்து பரிசோதனைக்கு ஓட வேண்டாம். விந்தணு உருவாகச் சுமார் 74 நாள், முதிர்ந்து வெளிவர இன்னும் ஒன்றிரண்டு வாரம். மூன்று மாதம் பொறுத்து, 2 முதல் 7 நாள் விந்து வெளியேற்றாமல் இருந்து, முதலில் கொடுத்த அதே ஆய்வகத்திலேயே கொடுங்கள்.