வெறுங்கையால் பிடிப்பதா, பட்டனை அழுத்துவதா?

வி.ஆர்.ல, அதாவது ஹெட்செட் மாட்டிக்கொண்டு பார்க்கும் மாய உலகத்தில், கையில் பிடிக்கும் பட்டன் கருவியான கன்ட்ரோலரே வேண்டாம், வெறுங்கையாலேயே பொருளை எடுக்கலாம், அதுதான் இயற்கை என்று சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஓசூர் சிப்காட்டில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஹெட்செட் மாட்டிவிட்டு அசெம்பிளி சொல்லிக்கொடுப்பவன் நான்.

கேமராவே கையைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வசதி குவெஸ்ட் என்ற வி.ஆர். ஹெட்செட்டில் 2019 டிசம்பரிலேயே வந்துவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் ஒட்டினால் பொருளை எடுத்ததாகக் கணக்கு. எடுப்பதுகூடப் பரவாயில்லை, விடுவதுதான் வம்பு. போல்ட்டைத் துளைக்கு நேரே கொண்டுபோய் விரலைப் பிரிப்போம். பிரிந்துவிட்டதென்று ஹெட்செட் முடிவெடுப்பதற்குள் போல்ட்டும் விரலோடு நகர்ந்து துளைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஒரு விரல் இன்னொன்றை மறைத்தாலோ, பொருள் தானாக நழுவிவிடும். நிஜ ஸ்பானரைக் கண்ணை மூடிக்கொண்டே பிடிக்கிற காவேரிப்பட்டணத்து ஐடிஐ பையன் கேட்டான்: "புடிச்சிட்டேன்னு எப்படிண்ணா தெரியும்?" நியாயமான கேள்வி. கன்ட்ரோலர் பட்டன் விரலைத் திருப்பித் தள்ளுகிறது, லேசாக அதிர்கிறது. கைக்கு அந்தப் பதில் வேண்டும்.

ஆப்பிளின் விஷன் ப்ரோ ஹெட்செட் 2024ல் வந்தது. கண்ணால் பார்த்து விரலைச் சேர்த்தால் போதும், கை மடியிலேயே கிடக்கலாம். படம் பார்க்க அருமை. ஆனால் எங்கள் லைனில் கண் அளவு காட்டும் கேஜில் இருக்கும், கை வேறெங்கோ திருகிக்கொண்டிருக்கும். பார்க்கிற இடமும் பிடிக்கிற இடமும் ஒன்றாகவே இருக்க முடியாது.

வி.ஆர்.ல தூரத்துப் பொருளை, கையிலிருந்து நீளும் லேசர் கோட்டால் இழுப்பதும் அப்படித்தான். மெனுவுக்குச் சரி. 1996ல் வந்த 'கோ-கோ' முறை இதைவிட அழகு: கையை அதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நீட்டினால், மாயக்கை மடமடவென்று நீளும். விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரேக் வரை நடந்து, குனிந்து எடுப்பதும் நாங்கள் கற்றுக்கொடுக்கிற வேலைதான்.

எடை விஷயம் இன்னும் மோசம். இன்ஜினின் கனமான பாகமான சிலிண்டர் ஹெட்டை, வி.ஆர்.ல ஒற்றைக் கையில் தேநீர் கிளாஸ் மாதிரி தூக்குகிறார்கள்! கனமான பொருள் கைக்குப் பின்தங்கி மெதுவாக வந்தாலே, கண் பார்ப்பதை வைத்துக் கை கொஞ்சம் கனத்தை நம்பும். பழைய உத்திதான். இரண்டு கையும் வைத்தால்தான் நகரும் என்று சாஃப்ட்வேரிலேயே எழுதிவிடவும் முடியும்.

டெமோ காட்ட வருகிறவர்கள் எப்போதும் எடுத்துத்தான் காட்டுவார்கள். வாங்குகிற இடத்தில் இருப்பவர்கள், அதே போல்ட்டைத் துளையில் விட்டுக் காட்டச் சொல்லுங்கள்.