தடித்த ஈ கம்பியின் தாமதம்

கிட்டார் கம்பியின் சுரத்தைக் கண்டறிந்து சின்தசைசர் ஒலியாக மாற்றுவது கிட்டார் சின்த். மேடையில் அதை வாசிக்க லேப்டாப் ஒன்றே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. வீட்டில் சரி, மேடையில் எனக்குத் துணிச்சல் வராது. அதோடு, கம்பியை மீட்டியதற்கும் ஒலி வருவதற்கும் இடையிலான தாமதம் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லையே! கிட்டாரின் தடித்த ஈ (E) கம்பி நொடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது. ஒரு அதிர்வுக்கே 12 மில்லிசெகண்ட் ஆகிறது. சுருதியைக் கண்டுபிடிக்கக் கருவி அதுவரையாவது காத்திருக்க வேண்டும். அதனால் பேஸ் ஒலியை அங்கே வாசிக்காமல், ஒரு ஸ்தாயி மேலே வாசித்து சின்த்தில் இறக்கிக்கொள்வேன். ஒவ்வொரு கம்பியின் அதிர்வையும் தனித்தனியாக சின்த்துக்கு அனுப்பும் ரோலண்ட் ஜிகே-3 பிக்கப்பை, கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டிப் பொருத்துங்கள், தவறான சுரங்கள் குறையும்.

அப்புறம் பவர். கிட்டார் ஒலியை மாற்ற காலால் இயக்கும் டிஜிட்டல் பெடல்களை ஒரே அடாப்டரில் கோர்த்து, ஒரு கச்சேரி முழுக்க இரைச்சலோடு வாசித்தவன் நான். ஒவ்வொரு பெடலுக்கும் தனி இணைப்பு தரும் பவர் சப்ளை கனம்தான், ஆனாலும் பெட்டியில் முதல் இடம் அதற்கே.