எழுதுங்க சேர், இடுப்பளவு

ஆச்சி: வாங்க சேர், வாங்க. மாசியில் வருவீங்க என்று விதானையார் சொன்னவர், ஆவணியில் என்றாலும் வந்தீங்களே. இடுப்பளவு. எழுதுங்க.

வந்தவர்: என்ன இடுப்பளவு?

ஆச்சி: தண்ணீர். அடுக்களைக்குள் இடுப்பளவு. இரண்டு மூட்டை நெல், ஒரு தையல் மெஷின், பதினொரு கோழி. கோழியில் ஒன்று அடைகிடந்தது, அதைத் தனியாக எழுதுங்க.

வந்தவர்: ஆச்சி, நான் நிவாரணம் எழுதக் கந்தோரில் இருந்து வரவில்லை.

ஆச்சி: அப்போ கையில் என்ன பேப்பர்?

வந்தவர்: காணி உறுதிப் பத்திரத்தின் போட்டோக் கொப்பி. பக்கத்துக் காணி 10 பேர்ச் விலைக்கு வந்திருக்கு. வாங்க முதல் ஒருக்கால் விசாரிப்போம் என்று... இங்கே வெள்ளம் வருமா?

ஆச்சி: காணி பார்க்க வந்தவரா! முதலே சொல்லியிருக்கலாமே தம்பி. தண்ணீர் வராது. கணுக்கால்கூட நனையாது.

வந்தவர்: இப்போதுதானே இடுப்பளவு என்றீங்க?

ஆச்சி: அது நிவாரணத்துக்கு. இது காணிக்கு. வேறு வேறு தண்ணீர்.

(“சேர்” இரண்டு நிமிடத்தில் “தம்பி” ஆகிவிட்டார். மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி நின்ற எனக்கு விளங்கியது, அவருக்கு விளங்கவில்லை. கைபேசியில் திசைகாட்டியைத் திறந்துகொண்டிருந்தார். இவரோடு நான் பார்க்கப் போன ஆறாவது காணி இது. ஆறும் வெயில் காலத்தில். ஆறிலும் மூன்றே கேள்விகள்: வாசல் எந்தப் பக்கம், கார் வருமா, கடைசி விலை என்ன. பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேள் என்று இன்று நான்தான் பிடித்துத் தள்ளிவிட்டேன்.)

வந்தவர்: ஈசான மூலை நல்லாத் தாழ்ந்து இருக்கு. அருமை. நீர் ஈசானத்தில்தான் இருக்க வேண்டும்.

ஆச்சி: ஈசானத்தால்தான் வரும் தம்பி. மறுகா அக்கினி மூலை, கன்னி மூலை, வாயு மூலை எல்லாத்தையும் பார்த்துவிட்டு, பதினைந்து நாள் இருந்துதான் போகும்.

வந்தவர்: வராது என்றீங்களே!

ஆச்சி: ஓம், வராது. வராது என்றுதான் தரகர் சொல்லச் சொன்னவர். விற்றுப்போனால் எனக்கொரு சேலை.

வந்தவர்: தரகர் சொன்னதை விடுங்க. பச்சைப் பசேல் என்று எவ்வளவு புல், பாருங்க. நல்ல மண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

ஆச்சி: புல் எங்கே இருக்கு? அது பன். ஈரம் காயாத நிலத்தில்தான் வளரும். அறுத்துத் தாங்க, குடிபூரலுக்கு ஒரு பாய் இழைத்துத் தாறேன். மாரிக்கு வீட்டுக்குள் போடாதீங்க, மிதக்கும்.

வந்தவர்: கிணறு?

ஆச்சி: மழையைக் கண்டு நாலு மாதம். வாளிக்குக் கயிறு வேண்டாம், குனிந்து கையாலேயே அள்ளலாம்.

வந்தவர் (என்னைப் பார்த்து): கேட்டியா? தண்ணீர் வசதி!

(ஆவணியிலேயே கையால் அள்ளலாம் என்றால், மலசலகூடக் குழி வெட்டும்போதும் அதே தண்ணீர்தான் ஊறி வரும். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி விடச் சொல்கிறார்கள். 10 பேர்ச் காணி சரிசதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடி. அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் சேர்த்துப் பார்த்தால் குழியை ஒழுங்கையில்தான் வெட்ட வேண்டும். இதற்கு அவருடைய கைபேசியில் எதுவும் இல்லை.)

வந்தவர்: எப்படியோ, பத்திரம் சுத்தம். அரசாங்க அனுமதியில் இருக்கிற ஒப்பக் காணி இல்லை, உறுதிக் காணி. காணிப் பதிவகத்தில் 30 வருசத்தைத் தேடிப் பார்த்தாச்சு.

ஆச்சி: அதில் தவளைச் சத்தம் பதிந்திருக்கா?

வந்தவர்: எல்லைகளும் தெளிவு. தெற்கு, ஒழுங்கை. கிழக்கும் மேற்கும் காணிகள். வடக்கு, ஓடை. ஓடை... ஓடையைக் காணவில்லையே?

ஆச்சி: நிற்கிறீங்களே.

வந்தவர்: எங்கே?

ஆச்சி: ஓடையில். வலது கால் காணிக்குள், இடது கால் ஓடைக்குள். அந்த மாடி வீட்டுக்காரர் மதில் கட்டும்போது மண் போட்டு மூடினவர்.

வந்தவர்: அப்போ எனக்கு இன்னும் ஒரு பேர்ச், இரண்டு பேர்ச் கூடக் கிடைக்கும்!

ஆச்சி: ஓடைக்கும் அந்த எண்ணம்தான்.

வந்தவர்: விளம்பரத்தில் இதுக்கு ‘லேக் வியூ’ என்று பெயர் போட்டிருக்கிறார்கள் ஆச்சி. கொழும்பில் இருந்தெல்லாம் கேட்கிறார்களாம்.

ஆச்சி: இஞ்ச பார் மனே.

(தம்பியும் போய் “மனே” வந்துவிட்டது. இனி மரியாதைக்கு இடமில்லை.)

ஆச்சி: மட்டக்களப்பில் ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் தரகர்மார் இல்லை. நாவற்குடா, திராய்மடு, பாலமீன்மடு, வவுணதீவு. எங்கே தண்ணீர் கிடக்கும் என்று பெயரிலேயே சொல்லி வைத்துவிட்டுத்தான் செத்துப்போனார்கள். லேக் வியூ எந்தக் கிழவன் வைத்த பெயர்? உள்ளே வா, அடுக்களைச் சுவரைப் பார்.

(நானும் போய்ப் பார்த்தேன். பேரன் கரித்துண்டால் கீறிய இரண்டு கோடுகள். கீழ்க் கோட்டுக்கு மேல் “2011 தை”, மேல் கோட்டுக்கு மேல் “2024 கார்த்திகை”. மேல் கோடு வரைக்கும் சுண்ணாம்பு பூத்துப்போய், விரலை வைத்தால் மாவாகக் கொட்டியது. அதே உயரத்தில் கதவு நிலையில், தண்ணீரில் மிதக்கும் ஆற்றுவாழையின் வேர் ஒன்று கறுத்துக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.)

ஆச்சி: 2011இல் மட்டக்களப்பே வெள்ளத்தில் கிடந்தது. எனக்குக் கணுக்கால். 2024இல் முழங்கால்.

வந்தவர்: 2024இல் மழை கூட என்கிறீங்களா?

ஆச்சி: மழையை நான் அளக்கவில்லை. இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு மாடி வீடு வந்தது, அதைத்தான் கண்டேன்.

வந்தவர் (சற்று யோசித்து, கைபேசியில் கணக்குப் போட்டபடி): பரவாயில்லை. மூன்றடி உயர்த்தினால் சரி. 10 பேர்ச் 2,722 சதுர அடி. மூன்றடிக்கு 8,167 கன அடி. கியூப் என்றால் 100 கன அடி. ஆக 82 கியூப் கிரவல். ரக்டர் பெட்டிக்கு ஒரு கியூப் வைத்தால், 82 பெட்டி.

(மண் அமுங்கும், அதற்கு இன்னும் கொஞ்சம் கூட வேண்டும். அத்திவாரம் புது மண்ணில் நிற்காமல் பழைய தரை வரைக்கும் இறங்கவும் வேண்டும். சொல்ல வாயெடுத்தேன், ஆச்சி முந்திவிட்டார்.)

ஆச்சி: 82 பெட்டி கொட்டினால், அங்கே நின்ற தண்ணீர்?

வந்தவர்: வராது.

ஆச்சி: உங்களுக்கு வராது.

வந்தவர்: வடிந்து போகும் ஆச்சி.

ஆச்சி: எதால் வடியும்? ஓடையில் நீங்களெல்லோ நின்றீங்க.

வந்தவர்: வாவி கடலில் விழும் முகத்துவாரத்தை வெட்டுவார்கள்தானே. பாலமீன்மடுவில் வெட்டிவிட்டால் வாவி இறங்கிவிடும்.

ஆச்சி: வாவி இறங்கும். இந்தப் பக்கம் மாடி வீட்டுக்காரரின் மதில், அந்தப் பக்கம் உங்கள் கிரவல். நடுவில் மாட்டுப்பட்ட தண்ணீர் எப்படி வாவிக்குப் போறது? பஸ் ஏற்றி விடுவீங்களா? அதுக்குத் தெரிந்த ஒரே வழி என்ர அடுக்களை.

(கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவர் திசைகாட்டியை மூடினார். நல்ல மனிதர், சொல்ல வேண்டும். ஆச்சியின் முகத்தைப் பார்க்காமல் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.)

வந்தவர்: சரி... முழங்கால்தானே வந்தது. பிறகு ஏன் முதலில் இடுப்பளவு என்று பொய் சொன்னீங்க?

ஆச்சி: பொய்யா? கணுக்கால் மழைக்கு. முழங்கால் மாடி வீட்டுக்கு. நீங்க 82 பெட்டியைக் கொட்டினால் அடுத்த கார்த்திகைக்கு இடுப்பு. அந்தக் கந்தோர்க்காரர் எப்போது வருவாரோ, வந்தவர் நீங்கதான். கையில் பேப்பரும் இருக்கு. எழுதுங்க சேர். அடைக்கோழியை விட்டுவிடாதீங்க.