எரிந்தும் எஞ்சிய கலசம்

சீனாவின் வூஹான் நகரிலுள்ள மஞ்சள் கொக்குக் கோபுரம் புதிதாகக் கட்டியது, உள்ளே லிஃப்ட்கூட இருக்கிறது என்று சொல்லி, அதை 'கான்கிரீட் நகல்' என்று ஒரு கட்டுரை ஒதுக்கிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. கி.பி. 223-இல் காவல் கோபுரமாகத் தொடங்கியது அது. போரிலும் தீயிலும் எத்தனையோ முறை அழிந்து, அந்தந்தக் காலத்துப் பாணியில் மறுபடி எழுந்திருக்கிறது. உள்ளே வைத்திருக்கும் மாதிரிகளைப் பாருங்கள்: தாங் அரசமரபின் காலத்தது ஒரு தினுசு, பின்வந்த சோங் மரபின் காலத்தது வேறு, மிங் காலத்தது இன்னும் வேறு. இதில் எதை அசல் என்பீர்கள்?

கோபுரத்தை அழித்த 1884 தீயில் தப்பிய, அதன் உச்சியிலிருந்த செம்புக் கலசம் இன்றும் அதே வளாகத்தில் நிற்கிறது. பழைய இடத்தை 1957-இல் யாங்சி ஆற்றுப் பாலம் எடுத்துக்கொண்டது. அதனால்தான் 1985-இல் சுமார் 1 கி.மீ. தள்ளிக் கட்டினார்கள். அப்புறம் அந்த லிஃப்ட். படியேற முடியாத பெரியவர்களும் மேலே போய் ஆற்றைப் பார்க்கட்டுமே!