எல்லாரும் மூணாம் நம்பர்தானுங்க

பையர் ஆடிட், அதாவது துணி வாங்கற வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க சோதனை, வருதுன்னா திருப்பூர் பனியன் கம்பெனிகள்ல முதல்ல வந்து விழறது தொழிலாளிங்க மனநிலையைக் கேக்கற அந்தக் கருத்துப் படிவம்தாங்க. 'ஸாட்டிஸ்ஃபைடு', 'நியூட்ரல்', 'ஸ்ட்ரெஸ்டு', 'பர்ன்ட் அவுட்'... ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் டிக் அடிக்கணுமாம். 1932-ல லிக்கர்ட்டுங்கற அமெரிக்க உளவியல்காரர் போட்டுக் குடுத்த அளவுகோல் அது. அவரைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. ஒன்றரை ஷிப்ட் முடிச்சு பஸ்ஸைப் புடிக்க ஓடறவங்ககிட்ட, பக்கத்துல சூப்பர்வைசரை நிக்க வெச்சுட்டு நீட்டினா வேறென்ன ஆகும்? எல்லாரும் மூணு. 'பரவால்லீங்க'ங்கறதுக்கு அந்தக் கட்டம்தான் தோது.

பர்ன்ட் அவுட்டுக்கு, அதாவது வேலை அழுத்தத்துல ஓய்ஞ்சு போறதுக்கு, உலக சுகாதார நிறுவனம் 2019-லயே மூணு அடையாளம் சொல்லியாச்சு: உடம்புல தெம்பு வத்திப் போறது, வேலை மேல ஒட்டுதல் விட்டுப் போறது, செய்யற வேலை தேறாமப் போறது. அதையே கேக்கறதுக்கென்ன? காலையில மெஷின்ல உக்காரும்போதே அலுப்பா இருக்குதா? கடைசி ரெண்டு மணி நேரத்துல தப்பாத் தெச்சதைச் சரி பண்ண ஆல்ட்ரேஷனுக்கு எத்தனை பீஸ் திரும்புது? ஓவர்லாக் மெஷின் பஞ்சுத்தூசி மூக்கை அடைக்குதா? பாத்ரூம் போக யார்கிட்டக் கேக்கணும்? ஓவர்டைமுக்கு ரெட்டைச் சம்பளமா, ஒத்தையா? இதுக்கெல்லாம் பதில் பட்டுனு வரும். ஒடிசா, பீகார் பசங்களுக்கு ஒடியாவுலயும் இந்தியிலயும் வேணும், அது தனி.

அதை விட்டுட்டு, விழுந்த மூணையெல்லாம் கூட்டி வகுத்து பை சார்ட் போட்டு, 'ஒர்க்ஃபோர்ஸ் எங்கேஜ்டு', தொழிலாளிங்க ஈடுபாட்டோட இருக்காங்கன்னு ஏசி ரூம் சுவத்துல ஒட்டறாங்க. மொதல்ல அந்தப் படிவத்துல ஆள் யாருன்னு காட்டிக் குடுக்கற டோக்கன் நம்பர் எழுதற இடத்தையாவது எடுங்க சாமி.